லுவா ஸ்கிரிப்டை சிஜிஐ வழியாக ஓட்டலாமா? மூன்று லாட்ஜ், மூன்று சர்வர்

பாகாயம் பையன்
9 மே 2025, இரவு 10.12

சிஜிஐ, அதாவது வெப் சர்வர் ஒரு நிரலை ஓட்டி அது எழுதுவதைப் பக்கமாகக் காட்டும் பழைய முறை, செத்துவிட்டது என்கிறார்கள். பைதான் 3.13-இல் அந்த மாட்யூலையே தூக்கிவிட்டார்கள். என் மாமாவுக்கு வேலூர் காந்தி ரோடு பக்கம் மூன்று கட்டடத்தில் லாட்ஜ். எந்த ரூம் காலி என்று ரிசப்ஷன்காரர்கள் நாள் முழுக்க போன் போட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே ஒரு பக்கம் போதும்: ரூம் நம்பர், ஆள் இருக்கிறதா, எப்போதிலிருந்து.

ஒரு கட்டடத்தில் டெபியன் லினக்ஸ் போட்ட பழைய பிசி, அதில் அப்பாச்சி வெப் சர்வர். இன்னொன்றில் ஓபன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான லினக்ஸ்) போட்ட ரவுட்டர் மட்டும். மூன்றாவது கட்டடத்துக்கான வெப் பக்கம் விபிஎஸ்ஸில் (நெட்டில் வாடகைக்கு எடுத்த சர்வர்), அங்கே என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர். லுவா என்ற சின்ன நிரல் மொழியில் எழுதிய ஒரே ஸ்கிரிப்ட் மூன்றிலும் ஓடுமா அண்ணா? இல்லை, பேசாமல் பிஎச்பிக்குப் போய்விடட்டுமா?

காட்பாடி ஜங்ஷன்
10 மே 2025, காலை 6.48

ஓடும்.

முதலில் அந்தச் சாவுச் செய்தி. 2024 அக்டோபரில் வந்த பைதான் 3.13 தூக்கியது, தன்னோடு சேர்ந்து வந்துகொண்டிருந்த சிஜிஐ நூலகத்தை. பெர்ல் இதே வேலையை 2015-லேயே 5.22-இல் செய்துவிட்டது. நூலகம் போனால் சிஜிஐ போய்விடுமா? அது சர்வருக்கும் நிரலுக்கும் உள்ள ஒப்பந்தம். சர்வர் விவரங்களை என்விரான்மென்ட் வேரியபிள்களில் வைக்கும், ஃபார்மில் வந்ததை ஸ்டாண்டர்ட் இன்புட்டில் தள்ளும். நிரல் தலைப்பு வரிகளை எழுதி, ஒரு வெற்று வரி விட்டு, பக்கத்தை எழுத வேண்டும். 1993-இல் என்சிஎஸ்ஏ சர்வரோடு வந்த ஏற்பாடு இது. 2004-இல் ஆர்எஃப்சி 3875 என்ற இணைய விதிமுறை ஆவணமாக எழுத்தில் பதிவானது. லுவாவும் அதே 1993-இல் ரியோ டி ஜெனிரோவில் பிறந்ததுதான்.

சிஜிஐ மேல் உள்ள பெரிய புகார், ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு புது ப்ராசஸ் (நிரலின் புது ஓட்டம்) கிளம்புகிறது என்பது. கனமான மொழி என்றால் அது வலிக்கும். லுவா இன்டர்பிரெட்டர் 300 கேபிக்குள் அடங்கும். கிளம்புவதும் முடிவதும் கண் சிமிட்டும் நேரம். லாட்ஜ் ரிசப்ஷனில் நிமிடத்துக்கு எத்தனை கிளிக் வந்துவிடப் போகிறது?

பிஎச்பிக்குப் போவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. அந்த ரவுட்டரில் இடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடு.

காட்பாடி ஜங்ஷன்
10 மே 2025, காலை 7.30

இன்னொன்று. ரெடிமேட் லாட்ஜ் சாஃப்ட்வேர் வாங்கினால் என்ன என்று யாராவது கேட்பார்கள், அதற்கு முன்கூட்டியே பதில். தோட்டப்பாளையம், காந்தி ரோடு லாட்ஜ்களில் கேமரா, நெட்வொர்க் வேலை பார்ப்பவன் நான். இங்கே தங்குகிறவர்களில் பெரும்பாலோர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள். கொல்கத்தாவிலிருந்து, ஜார்க்கண்டிலிருந்து, அசாமிலிருந்து ரயிலேறி காட்பாடியில் இறங்குகிறார்கள். இரண்டு நாள் என்று சொல்லி ரூம் எடுப்பார்கள். டாக்டர் இன்னொரு ஸ்கேன் எழுதுவார், ரிசல்ட் திங்கட்கிழமை என்பார்கள், இருப்பு பத்து நாளாகும். ரெடிமேட் சாஃப்ட்வேரில் செக்-அவுட் தேதி கட்டாயக் கட்டம். அந்தத் தேதி தங்குகிறவருக்கே தெரியாது. ரிசப்ஷன் பையன் ஏதோ ஒரு தேதியைப் போட்டுவைப்பான், மறுநாள் மாற்றுவான், பிறகு மாற்ற மறந்துவிடுவான். அதனால்தான் "இருக்கிறார், இல்லை" என்று மட்டும் காட்டும் ஒரு பக்கம் இந்த ஊருக்குச் சரிப்படுகிறது.

பாகாயம் பையன்
11 மே 2025, மாலை 5.20

அப்பாச்சியில் போட்டேன். 500 பிழை. லாக்கில் "அப்படி ஒரு கோப்பே இல்லை" என்று வருகிறது. கோப்பு கண்ணெதிரே இருக்கிறது அண்ணா. எக்ஸிக்யூட் அனுமதியும் கொடுத்துவிட்டேன்.

காட்பாடி ஜங்ஷன்
11 மே 2025, மாலை 5.41

விண்டோஸில் நோட்பேடில் எழுதிக் கொண்டுபோனாயா?

பாகாயம் பையன்
11 மே 2025, மாலை 5.43

ஆமாம்.

காட்பாடி ஜங்ஷன்
11 மே 2025, மாலை 6.05

அதுதான். முதல் வரியில் லுவா எங்கே இருக்கிறது என்று எழுதியிருப்பாய் அல்லவா, அந்த வரியின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கேரேஜ் ரிட்டர்ன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. லினக்ஸ் அதையும் பெயரின் ஒரு பகுதியாக எடுத்துக்கொண்டு, லுவாவுக்குப் பின்னால் வால் ஒட்டிய ஒரு நிரலைத் தேடுகிறது. அப்படி ஒன்று உலகத்தில் இல்லை. இல்லை என்று சொல்வது உன் ஸ்கிரிப்டை அல்ல, அந்த வால் முளைத்த லுவாவை. அந்த வாலை நீக்கும் டாஸ்2யூனிக்ஸ் கட்டளையை ஓட்டிவிடு. கோப்பை யுடிஎஃப்-8 "பிஓஎம்" உடன் சேமித்திருந்தால் முதல் வரியின் தலையிலும் இதே மாதிரி மூன்று பைட் உட்கார்ந்துகொள்ளும், அப்போது வேறு பிழை வரும். அதையும் நீக்கிவிடு.

அப்பாச்சியில் மற்ற வேலைகள் உனக்குத் தெரிந்திருக்கும். டெபியனில் இப்போது இயல்பாக ஓடுவது ஈவென்ட் வகை, அதற்கு சிஜிஐடி மாட்யூலை இயக்க வேண்டும். ஸ்கிரிப்ட் அலையஸ் காட்டும் கோப்புறையில் போட்டால் போதும். அதற்கு வெளியே வைப்பதானால் அந்தக் கோப்புறைக்கு எக்ஸெக்-சிஜிஐ அனுமதியும், லுவா நீட்சிக்கு சிஜிஐ ஹேண்ட்லரும் வேண்டும். லைட்டிபிடி சர்வரில் மட்டும் கதை வேறு: இந்த நீட்சிக்கு இந்த இன்டர்பிரெட்டர் என்று அமைப்புக் கோப்பில் சொல்லிவிட்டால் முதல் வரியும் தேவையில்லை, எக்ஸிக்யூட் அனுமதியும் தேவையில்லை. அங்கே சோதித்துவிட்டு அப்பாச்சிக்கு வந்து முழிப்பவர்கள் நிறையப் பேர்.

பாகாயம் பையன்
11 மே 2025, இரவு 9.15

வந்துவிட்டது! ஆனால் ஒரு விசித்திரம். தரவுக் கோப்பை டெம்ப் கோப்புறையில் வைத்தேன். பக்கத்தில் சரியாகக் காட்டுகிறது. டெர்மினலில் போய்ப் பார்த்தால் அந்தக் கோப்பு இல்லை. பேயா?

காட்பாடி ஜங்ஷன்
11 மே 2025, இரவு 9.33

சேவைகளைக் கிளப்பி நிறுத்தும் சிஸ்டம்டியின் வேலை அது. டெபியனில் அப்பாச்சி சேவைக்குத் தனி டெம்ப் உண்டு. அது டெம்ப் என்று நினைப்பதும் நீ டெம்ப் என்று நினைப்பதும் வேறு வேறு இடம். சேவையை நிறுத்தினால் அதில் உள்ளதும் போய்விடும். வார்-லிப் கீழே ஒரு கோப்புறை உண்டாக்கி, www-க்கான பயனர் கணக்கின் பெயரில் அதை மாற்றிக் கொடு. வெப் ரூட் உள்ளே மட்டும் வைக்காதே. முகவரியை யூகிப்பவன் கோப்பை அப்படியே இறக்கிக்கொள்வான்.

காட்பாடி ஜங்ஷன்
12 மே 2025, காலை 6.20

கோப்பு என்று பேச்சு வந்ததால், எப்படி எழுதுவது என்பதையும் இப்போதே தீர்த்துவிடலாம்.

உன் ஸ்கிரிப்ட் முழுக் கோப்பையும் படித்து, ஒரு ரூமை மாற்றி, முழுக் கோப்பையும் திரும்ப எழுதுகிறது என்று ஊகிக்கிறேன். கீழ்த்தளத்திலும் மேல்தளத்திலும் ஒரே நொடியில் இருவர் பட்டனை அழுத்தினால் இரண்டு ப்ராசஸ், இரண்டும் பழைய கோப்பைப் படித்திருக்கும், பின்னால் எழுதியது மட்டும் நிற்கும். லுவாவின் சொந்த நூலகத்தில் கோப்பைப் பூட்டும் வசதி கிடையாது. லுவா ஃபைல்சிஸ்டம் என்ற தனி மாட்யூலில் உண்டு. ரவுட்டரில் அதையும் ஏற்ற வேண்டிவரும்.

நான் செய்வது வேறு. எதையும் மாற்றுவதில்லை, கடைசியில் ஒரு வரி சேர்ப்பேன், அவ்வளவுதான். நேரம், ரூம், நிலை, யார் அழுத்தியது. அப்பெண்ட் முறையில் திறந்து, முழு வரியையும் ஒரே ரைட் அழைப்பில் எழுதி, மூடிவிடு. சிறிய வரி என்றால் அது மொத்தமாக ஒரே தடவையில் கோப்பில் போய் விழும், இருவர் எழுதியது ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாது. படிக்கும்போது மேலிருந்து கீழே போ, ஒவ்வொரு ரூமுக்கும் கடைசியாக வந்த வரியை எடுத்துக்கொள். "நான் காலி போடவில்லையே" என்று யாராவது சாதித்தால் வரலாறு கையில் இருக்கும். லாட்ஜில் அந்தச் சண்டை வரும்.

ராணிப்பேட்டை 2
12 மே 2025, மதியம் 1.10

குறுக்கே பேசுகிறேன். "காலி" என்று மாற்றுவதை லிங்க்காக வைக்காதே தம்பி, பட்டனும் போஸ்ட்டுமாக (ஃபார்மை அனுப்பும் வகைக் கோரிக்கை) வை. எங்கள் கம்பெனியில் ஷெட்யூல் பலகைக்கு ஒருவர் லிங்க்காக வைத்திருந்தார். அதை வாட்ஸ்அப் குழுவில் பகிரப் போனார்கள். முன்னோட்டம் காட்டுவதற்காக போன் தானே அந்த முகவரியைத் திறந்துவிட்டது. மெஷினில் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது, பலகையில் "முடிந்தது".

காட்பாடி ஜங்ஷன்
12 மே 2025, மதியம் 1.25

லாட்ஜ் என்றால் ஆள் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பார், புது ஆளுக்குச் சாவி போய்விடும். கண்டிப்பாக போஸ்ட்.

பாகாயம் பையன்
14 மே 2025, இரவு 11.02

போஸ்ட்டாக மாற்றினேன். அப்பாச்சியில் சரி. விபிஎஸ்ஸுக்குக் கொண்டுபோனால் என்ஜின்எக்ஸில் சிஜிஐ என்ற வசதியே காணோம்.

காட்பாடி ஜங்ஷன்
15 மே 2025, காலை 6.35

அதில் கிடையாது. என்ஜின்எக்ஸ் தானாக ஒரு நிரலைக் கிளப்பாது, பக்கத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவரிடம் கேட்டுச் சொல்லும். அதனால் நடுவில் எஃப்சிஜிஐராப் என்ற சின்ன நிரலை வைக்க வேண்டும். என்ஜின்எக்ஸ் அதனிடம் ஃபாஸ்ட்சிஜிஐ என்ற முறையில் பேசும், அது உன் ஸ்கிரிப்டை சிஜிஐ முறையில் ஓட்டும். ஸ்கிரிப்டுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

502 வந்தால் சாக்கெட் கோப்பின் அனுமதியைப் பார், அல்லது எஃப்சிஜிஐராப் ஓடவே இல்லை. 403 வந்தால் பாதை தவறு, அல்லது ஸ்கிரிப்டுக்கு எக்ஸிக்யூட் அனுமதி இல்லை. ஸ்கிரிப்ட் கக்கும் பிழைச் செய்தி என்ஜின்எக்ஸ் லாக்குக்கு வர எஃப்சிஜிஐராப்பை எஃப் தெரிவோடு கிளப்ப வேண்டும். இயல்பாக அது ஒரே ஒரு வேலையாளை வைத்திருக்கும். ஒரு கோரிக்கை இழுத்தால் அடுத்தது வாசலில் நிற்கும். வேலையாட்களை மூன்று நான்காக ஏற்றிவிடு.

காட்பாடி ஜங்ஷன்
15 மே 2025, காலை 7.10

காபி குடித்துவிட்டு வந்தேன். என்ஜின்எக்ஸில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, அது சொல்லாமல் விடக்கூடியது அல்ல.

பக்கத்தைப் பார்க்க மட்டும் கேட்கும் சாதாரண கெட் கோரிக்கையில் கன்டென்ட்-லெங்த் (அனுப்பிய தரவு எத்தனை பைட் என்ற எண்) இருக்காது. அப்பாச்சியில் அந்த வேரியபிளே இருக்காது, லுவாவுக்கு நில், அதாவது "மதிப்பே இல்லை", கிடைக்கும். என்ஜின்எக்ஸின் வழக்கமான அமைப்பில் அந்த வேரியபிள் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. வெற்றுச் சரம். லுவாவில் நில்லும் ஃபால்ஸும் மட்டுமே பொய். வெற்றுச் சரம் மெய், பூஜ்யமும் மெய். அதனால் "இல்லாவிட்டால் பூஜ்யம்" என்பதை, எண்ணாக மாற்றும் டூநம்பரின் அடைப்புக்குறிக்கு உள்ளே எழுதினால் அப்பாச்சியில் நன்றாக ஓடும், என்ஜின்எக்ஸில் நில் வந்து நிற்கும். வெளியே எழுது. முதலில் எண்ணாக மாற்று, மாறவில்லை என்றால் பூஜ்யம். ஒரு அடைப்புக்குறி இடம் மாறுவதுதான் வித்தியாசம்.

அப்புறம், இன்புட்டைப் படிக்கும்போது "எல்லாவற்றையும் படி" என்று எழுதாதே. கன்டென்ட்-லெங்த் சொல்லும் அத்தனை பைட் மட்டும் படி. அதற்கு மேல் படிக்கக் கூடாது என்பது ஆர்எஃப்சியிலேயே இருக்கிறது. முடிந்துவிட்டது என்று சர்வர் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சொல்லாத சர்வரில் ஸ்கிரிப்ட் அப்படியே காத்துக்கொண்டிருக்கும், பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பாகாயம் பையன்
18 மே 2025, பகல் 11.50

விபிஎஸ் முடிந்தது. ரவுட்டரில் லுவாவே இல்லை. ஓபன்டபிள்யூஆர்டி என்றாலே லுவா இருக்கும் என்று நினைத்தேனே.

காட்பாடி ஜங்ஷன்
18 மே 2025, மதியம் 12.15

முன்பு இருந்தது, அதன் அட்மின் பக்கமே லுவாவில் எழுதியதுதான். 23.05 பதிப்பிலிருந்து அது யூகோடு என்ற வேறு மொழிக்கு மாறிவிட்டது. பேக்கேஜ் பட்டியலில் லுவா இருக்கிறது, ஏற்றிக்கொள். வருவது 5.1. டெபியன் பிசியில் நீ வைத்திருப்பது 5.4 ஆக இருக்கும். இரண்டும் அண்ணன் தம்பி, ஆனால் சொத்துப் பிரிந்தாயிற்று. 5.4-இல் 1200-ஐ 2-ஆல் வகுத்து அச்சிட்டால் 600.0 என்று வரும், 5.1-இல் 600. வாடகைக் கட்டத்தில் புள்ளி பூஜ்யத்தைப் பார்த்து மாமா கேட்பார். யுடிஎஃப்-8 நூலகம் 5.3-இல்தான் வந்தது, ரவுட்டரில் இருக்காது. 5.1-க்கு எழுதி 5.4-இல் சோதித்துப் பார்ப்பதுதான் நல்லது.

அங்கே ஓடும் சர்வர் யூஎச்டிடிபிடி. அட்மின் பக்கமும் அதில்தான் இருக்கிறது. ரூம் பக்கத்துக்கு வேறு போர்ட்டில் இன்னொரு இன்ஸ்டன்ஸ் போடு, ரிசப்ஷன் பையன் தவறி அட்மின் பக்கம் போக வேண்டாம். ஒரே சமயத்தில் மூன்று ஸ்கிரிப்ட் என்பது அதன் இயல்பான வரம்பு, உனக்கு அது தாராளம்.

காட்பாடி ஜங்ஷன்
18 மே 2025, இரவு 8.40

ரவுட்டரில் தரவுக் கோப்பு எங்கே என்று சொல்லாமல் விட்டேன். அதன் டெம்ப் ரேமில் இருக்கிறது. இந்த அக்னி நட்சத்திர வெயிலில் மதியம் கரண்ட் போய் வந்தால் பதிவேடே காலி. உள் ஃபிளாஷில் நாள் முழுக்க எழுதிக்கொண்டிருந்தால் அது தேயும். யூஎஸ்பி துளை இருந்தால் ஒரு பென்டிரைவை இஎக்ஸ்டி4 (லினக்ஸ் வகை ஃபார்மேட்) ஆக்கிச் செருகிவிடு.

பாகாயம் பையன்
23 மே 2025, மாலை 4.05

நீங்கள் சொன்ன கரண்ட் கட் நேற்றே வந்தது. பென்டிரைவில் பதிவு பத்திரம். ஆனால் கரண்ட் வந்த பிறகு எழுதிய வரிகளில் தேதி போன வாரத்தைக் காட்டுகிறது.

காட்பாடி ஜங்ஷன்
23 மே 2025, மாலை 4.30

நெட் லைன் கொஞ்சம் தாமதமாக வந்ததா? இந்த வகை ரவுட்டர்களில் கடிகார பேட்டரி இருக்காது. அணைந்து எழுந்ததும், செட்டிங் கோப்புகள் இருக்கும் எட்சி கோப்புறையில் ஆகக் கடைசியாக மாறிய கோப்பின் தேதியை எடுத்து அதுதான் "இப்போது" என்று வைத்துக்கொள்ளும். போன வாரம் ஏதோ செட்டிங் மாற்றியிருப்பாய். நெட் வந்து, நேரம் சொல்லும் என்டிபி சர்வரிடம் கேட்ட பிறகுதான் சரியான நேரம்.

வரியைக் கடைசியில் சேர்க்கும் முறை இங்கேதான் கைகொடுக்கிறது. எது புதியது என்பதை வரிசை சொல்கிறது, தேதி அல்ல. ரூம் நிலை எதுவும் கெட்டிருக்காது, பார். "எப்போதிலிருந்து" என்ற கட்டம் மட்டும் பொய் சொல்லும். புது வரியின் நேரம் அதற்கு முந்தைய வரியைவிடப் பழையதாக இருந்தால் அங்கே தேதி காட்டாமல் ஒரு கோடு போட்டுவிடு.

ராணிப்பேட்டை 2
23 மே 2025, இரவு 9.50

தம்பி அந்தப் பக்கத்தில் தங்குகிறவர் பெயரும் போடப் போகிறானா?

பாகாயம் பையன்
24 மே 2025, காலை 9.00

மாமா கேட்கிறார். பங்களாதேஷிலிருந்து வருபவர்களுக்கு, வெளிநாட்டவர் தங்குவதை அரசாங்கத்துக்குத் தெரிவிக்கும் ஃபார்ம் சி போட வேண்டுமே, பாஸ்போர்ட் எண்ணையும் இதிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று.

காட்பாடி ஜங்ஷன்
24 மே 2025, காலை 9.20

வேண்டாம். இது ரூம் பலகை. லாட்ஜ் வைஃபையில் இருக்கும் யார் வேண்டுமானாலும் அந்த முகவரியை அடித்துப் பார்க்கலாம், வருகிறவர்கள் நோயாளிகள். ஃபார்ம் சி வெளிநாட்டவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அரசாங்கத்தின் தளத்தில் போக வேண்டியது, அது அங்கேயே இருக்கட்டும். பெயர் வேண்டுமென்று மாமா பிடிவாதம் பிடித்தால் முதல் சில எழுத்து மட்டும் வை.

பாகாயம் பையன்
24 மே 2025, இரவு 10.30

முதல் பத்து எழுத்து என்று வெட்டினேன். தமிழ்ப் பெயர், வங்காளப் பெயர் எல்லாவற்றிலும் கடைசியில் கேள்விக்குறிக் கட்டம் வருகிறது.

காட்பாடி ஜங்ஷன்
25 மே 2025, காலை 6.55

லுவாவுக்குச் சரம் என்றால் பைட். "வேலூர்" நமக்கு மூன்று எழுத்து, யூனிகோடுக்கு ஆறு, லுவாவுக்குப் பதினெட்டு. முகவரி வரியில் சதவீதக் குறிகளோடு போனால் 54. தமிழும் வங்காளமும் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் எடுக்கும். பத்து பைட்டில் வெட்டினால் மூன்று குறி முழுசாகவும் நான்காவதின் தலை மட்டும் தனியாகவும் நிற்கும். 5.1-இல் நூலகம் இல்லாததால் கையால் எண்ணு: 128 முதல் 191 வரை உள்ள பைட் தொடர்ச்சி, மற்றது புதுக் குறியின் ஆரம்பம். ஆரம்பத்துக்கு முன்னால் வெட்டினால் கட்டம் வராது. புள்ளியும் கொம்பும் தனியாகப் பிரிவது வேறு விஷயம், ரூம் பலகைக்கு அவ்வளவு பார்க்க வேண்டாம்.

அந்தப் பெயரைப் பக்கத்தில் காட்டும் முன் கோணக்குறி, ஆம்பர்சண்ட் இரண்டையும் மாற்றிவிடு. அதை எந்தக் காரணத்துக்காகவும் வெளிக் கட்டளை ஓட்டும் ஓஎஸ் எக்ஸிக்யூட்டுக்கோ பிஓப்பனுக்கோ ஒட்டிக் கொடுக்காதே. கோப்பில் தேட கிரெப் என்ற தேடும் கட்டளையைக் கூப்பிடுகிற ஆசை வரும். லுவாவிலேயே வரி வரியாகப் படித்துத் தேடு. ஃபார்மில் ஒரு அரைப்புள்ளி எழுதத் தெரிந்தவன் உன் ரவுட்டரில் கட்டளை ஓட்ட வேண்டாம்.

பாகாயம் பையன்
2 ஜூன் 2025, இரவு 9.40

மூன்றிலும் ஒரே கோப்பு ஓடுகிறது! ஒரு கேள்வி மட்டும். மூன்றாவது கட்டடத்தில் மால்டாவிலிருந்து வந்த பையன் இரவு ஷிஃப்ட். அவன் போனில் ரூம் எண்ணை வங்காள இலக்கத்தில் அடிக்கிறான். டூநம்பர் நில் கொடுக்கிறது.

காட்பாடி ஜங்ஷன்
3 ஜூன் 2025, காலை 6.30

வங்காள இலக்கங்கள் பத்தும் 224, 167 என்று தொடங்கி மூன்றாவது பைட் 166 முதல் 175 வரை போகும். லுவாவின் தேடி மாற்றும் ஜிசப்பில் அந்த மூன்று பைட்டைப் பிடித்து, மூன்றாவதிலிருந்து 166-ஐக் கழித்து வருவதைப் போடு. ஒரே வரி, 5.1-லும் ஓடும்.

அதைவிட, அடிக்கவிடாமல் ரூம் எண்ணைத் தேர்வுப் பெட்டியாக வைத்துவிடு. அப்போதும் ஃபார்மில் வருவதை நம்பாதே, யாரும் எதையும் அனுப்பலாம். ஸ்கிரிப்டில் இருக்கும் ரூம் பட்டியலோடு ஒப்பிட்டு, இல்லாத எண் வந்தால் 400 (தவறான கோரிக்கை) கொடுத்து நிறுத்து. ஸ்டேட்டஸ் வரியைத் தலைப்புகளில் முதலாவதாக எழுது. அப்பாச்சிக்கும் என்ஜின்எக்ஸுக்கும் அது எங்கே இருந்தாலும் ஒன்றுதான். நீ வீட்டில் சோதிக்க பிஸிபாக்ஸின் எச்டிடிபிடி என்ற குட்டி சர்வரை வைத்திருந்தால், அது முதல் வரியில் இருந்தால் மட்டும்தான் ஸ்டேட்டஸை மதிக்கும், இல்லாவிட்டால் 200 என்று அனுப்பிவிடும்.